நறுமண எண்ணெய் நானோ துகள்களும் மார்பகப் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவர நறுமண எண்ணெயை நானோ துகளாக்கினால் மார்பகப் புற்றுநோய் குணமாகுமா?

இன்றைய நிலையில் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றுச்செல்களை இவை கொல்கின்றன. எலிகளில் கட்டியின் வளர்ச்சியை மட்டுப்படுத்திய ஆய்வுகளும் உண்டு. நோயாளியிடம் கட்டியை ஒழித்ததாகவோ ஆயுளை நீட்டியதாகவோ நிரூபித்த பெரிய மருத்துவச் சோதனை கிடையாது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றைத் தள்ளிப்போட இது ஒரு காரணமாகக் கூடாது. அதே சமயம் துறையே வெறும் பேச்சு என்றும் ஒதுக்கிவிட முடியாது. எது எங்கே நிற்கிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

நறுமண எண்ணெய் என்பது எது? சமையல் எண்ணெயிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று பல இடங்களில் மொழிபெயர்த்திருப்பார்கள். அது பிழை. உடலுக்கு அவசியமானது என்ற பொருள் அதில் இல்லை. தாவரத்தின் சாரம், அதாவது எசென்ஸ், என்பதிலிருந்து வந்த பெயர் அது. இலை, பூ, பட்டை, விதை, பழத்தோல் ஆகியவற்றை நீராவியில் வடித்தோ, எலுமிச்சை வகைகளில் தோலைப் பிழிந்தோ எடுப்பது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவை கொழுப்பு. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை நிற்கும். நறுமண எண்ணெய் பெரும்பாலும் பறந்துவிடும்.

இதில் இருப்பவை சிறு மூலக்கூறுகள். ஆரஞ்சுத் தோலில் லிமோனீன், ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜினால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், லவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன். மார்பகப் புற்றுச்செல்கள் மீது அதிகம் சோதிக்கப்பட்டவற்றில் இவையும் உண்டு.

ஒரே செடியின் எண்ணெய் எப்போதும் ஒன்றுபோல் இராது. தைம் செடியில் தைமால் மிகுந்த வகை, கார்வக்ரால் மிகுந்த வகை, லினலூல் மிகுந்த வகை எனத் தனித்தனியே உண்டு. பருவம், மண், அறுவடை நேரம் எல்லாமே கலவையை மாற்றும். எனவே எந்த மூலக்கூறு எவ்வளவு என்று காட்டும் வாயு நிறப்பகுப்பு அறிக்கை இல்லாமல் ‘தைம் எண்ணெயைச் சோதித்தோம்’ என்று ஓர் ஆய்வு சொன்னால், எதைச் சோதித்தார்கள் என்பதே தெரியாது.

ஏன் நானோ துகளாக்க வேண்டும்? எண்ணெயை அப்படியே கொடுத்தால் என்ன?

நான்கு தொல்லைகள். நீரில் மிகச் சிறிதளவே கரையும், அதனால் இரத்தத்தில் நேராகச் செலுத்த முடியாது. திறந்து வைத்தால் ஆவியாகும். காற்று, வெளிச்சம் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும்; லிமோனீன் அப்படிக் கெட்டால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் ஹைட்ரோபெராக்சைடாக மாறும். வாய்வழி கொடுத்தால் கல்லீரல் விரைவில் உருமாற்றிவிடும்.

துகள் என்பது ஒரு வண்டி. எண்ணெயை மூடிக் காக்கும், நீரில் மிதக்க வைக்கும், மெல்ல இறக்கிவிடும். சரக்கின் வீரியத்தை வண்டி கூட்டுவதில்லை. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் இத்துறையின் பாதிக் குழப்பம் தீரும்.

எத்தனை வகைத் துகள்கள் உள்ளன?

நானோ பால்மம் எளிது: நீரில் சிதறிய நுண்ணிய எண்ணெய்ச் சொட்டுகள், பொதுவாக 20 முதல் 200 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்). திடக் கொழுப்புத் துகளும், திட, திரவக் கொழுப்புகள் கலந்த துகளும் இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைக்கும். லைப்போசோம், நியோசோம் இரண்டும் சவ்வுப் பைகள். கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது), பிஎல்ஜிஏ (உடலில் சிதையும் செயற்கைப் பொருள்) ஆகியவை பாலிமர் உறைகள்.

இன்னொரு கூட்டம் உண்டு, அதை இதோடு சேர்க்கக் கூடாது. தாவரச் சாற்றையோ எண்ணெயையோ கொண்டு வெள்ளி, தங்கம், துத்தநாக ஆக்சைடு துகள்களை உருவாக்கி ‘பசுமைத் தயாரிப்பு’ என்று அழைப்பார்கள். அங்கே தாவரத்தின் வேலை உலோக உப்பைத் துகளாக மாற்றுவது. செல்லைக் கொல்வதில் பெரும்பங்கு உலோகத்துடையது. வெள்ளி அயனி நல்ல செல்லையும் விடாது. ‘துளசியால் புற்றுச்செல் செத்தது’ என்று வரும் தலைப்புகளில் பல, உள்ளே போய்ப் பார்த்தால் வெள்ளித் துகள் ஆய்வுகளாக இருக்கும்.

நானோ பால்மம் எப்படித் தயாரிக்கிறார்கள்?

100 கிராம் பால்மத்துக்கு ஒரு தொடக்க அளவு: எண்ணெய்ப் பகுதி 5 கிராம், ட்வீன் 80 எனும் சர்பாக்டன்ட் (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள்) 5 முதல் 7.5 கிராம், மீதி தூய நீர். எண்ணெயையும் ட்வீனையும் முதலில் ஒன்றாகக் கலக்கி, காந்தக் கலக்கியில் சுழலும்போதே நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் வெள்ளையான முரட்டுப் பால்மம் கிடைக்கும். அதைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியலைக் கம்பியால் 5 முதல் 10 நிமிடம், 30 நொடி ஓட்டி 30 நொடி நிறுத்தி அடிக்க வேண்டும். வெள்ளை நிறம் போய் நீலச்சாயல் கொண்ட மங்கலான திரவமாகும்போது சொட்டுகள் 100 நானோமீட்டர் பக்கம் வந்துவிட்டன என்று கண்ணாலேயே ஊகிக்கலாம்.

பனிக்கட்டியைத் தவிர்த்தால் கலவை சூடாகி எண்ணெய் பறந்துவிடும். அடிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயின் அளவை வாயு நிறப்பகுப்பில் பார்த்தே தீர வேண்டும். பார்க்காமல், ஊற்றியது 5 சதவீதம் என்பதால் இருப்பதும் 5 சதவீதம் என்று எழுதினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பிழையாகும். ஒலியலைக் கம்பி தேய்ந்து டைட்டானியத் துணுக்குகளும் உதிரும். சிறிது நேரம் மையவிலக்கில் சுற்றி அவற்றை இறக்கிவிடுங்கள்.

கைட்டோசான் துகள்?

100 மி.லி. 1 சதவீத அசெடிக் அமிலத்தில் 200 மி.கி. கைட்டோசானை இரவு முழுக்கக் கலக்கிக் கரைத்து, வடிகட்டி, பிஎச் அளவை 4.7 முதல் 5 வரை கொண்டுவர வேண்டும். சிறிது ட்வீன் 80 சேர்த்து, 100 முதல் 200 மி.கி. எண்ணெயைச் சொட்டாக விட்டு அதிவேகக் கலக்கியில் பால்மமாக்க வேண்டும். பிறகு 0.1 சதவீத சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் கரைசல் 50 மி.லி.யை மெதுவாகச் சொட்ட விடுங்கள். கைட்டோசானின் நேர்மின்னூட்டமும் பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டமும் பிணைந்து துகள் உருவாகும். இந்தக் கணக்கில் கைட்டோசானுக்கும் பாஸ்பேட்டுக்கும் எடை விகிதம் 4:1.

பாஸ்பேட் கூடினாலோ வேகமாக ஊற்றினாலோ வெண்மையாகத் திரிந்து அடியில் படியும். அதைக் கலக்கிச் சரிசெய்ய முடியாது. புதிதாகத்தான் தொடங்க வேண்டும். இன்னொரு சிக்கல் பின்னால் வரும்: கைட்டோசான் அமிலத்தில்தான் கரைந்திருக்கும். பிஎச் 6.5ஐத் தாண்டினால் மின்னூட்டத்தை இழந்து ஒட்டத் தொடங்கும். இரத்தமோ 7.4. அமிலக் கரைசலில் அழகாக 120 நானோமீட்டர் காட்டிய துகள், செல் வளர்ப்பு ஊடகத்தில் மைக்ரான் கணக்கில் கட்டியாகிவிடலாம். எனவே அளவை ஊடகத்திலும் எடுக்க வேண்டும். எடுக்காத ஆய்வுகளே அதிகம்.

ஒரு வாரத்தில் சொட்டுகள் பெரிதாகிவிடுகின்றனவே, சர்பாக்டன்ட் போதவில்லையா?

பெரும்பாலும் அது காரணமில்லை. நறுமண எண்ணெய்களுக்கு நீரில் சிறிதளவு கரையும் குணம் உண்டு. சிறு சொட்டிலிருந்து மூலக்கூறுகள் நீரில் கரைந்து வெளியேறிப் பெரிய சொட்டில் போய்ச் சேரும். சின்னது கரைய, பெரியது வளரும். இதை ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி என்பார்கள். ஆரத்தின் மும்மடியை நாட்களுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வருகிறதா என்று பாருங்கள், வந்தால் இதுதான். ட்வீனைக் கூட்டினால் இது நிற்காது, சில நேரம் வேகமாகும். நீரில் துளியும் கரையாத சோள எண்ணெயையோ நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பையோ எண்ணெய்ப் பகுதியில் கலப்பதுதான் மருந்து. அதற்கான விலை, சரக்கின் செறிவு குறைவது.

துகள் நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு என்ன எண்கள் வேண்டும்?

ஒளிச்சிதறல் முறையில் துகளின் சராசரி அளவு 200 நானோமீட்டருக்குள், அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் பரவல் குறியீடு 0.3க்குக் கீழே. மின்னூட்டத்தால் மட்டுமே நிற்கும் துகளுக்கு ஜீட்டா மின்னழுத்தம் (துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் எண்) ±30 மில்லிவோல்ட் அளவில் இருந்தால் நல்லது. ட்வீன் போன்ற மின்னூட்டமற்ற சர்பாக்டன்ட் போர்த்திய சொட்டுக்கு இந்த எண் பொருந்தாது, அது சுழியருகே இருந்தும் நிலைத்திருக்கும். வரைபடத்தில் 10 நானோமீட்டர் அருகே தனிக்குன்று தெரிந்தால் மகிழ வேண்டாம்: அது எண்ணெய் ஏறாத ட்வீன் மிசெல், அதாவது ட்வீன் மூலக்கூறுகள் மட்டும் திரண்ட உருண்டை.

ஊற்றிய எண்ணெயில் 90 சதவீதம் துகளுக்குள் அடைபட்டது, அதாவது ‘90 சதவீதம் உள்ளடக்கம்’ என்கிறார்களே, நம்பலாமா?

கணக்கிட்ட முறையைப் பாருங்கள். துகளை மையவிலக்கில் இறக்கி, மேலே நிற்கும் திரவத்தில் உள்ள எண்ணெயை அளந்து, ஊற்றியதிலிருந்து கழித்து ‘மீதி எல்லாம் உள்ளே’ என்பது வழக்கமான முறை. கலக்கும்போது ஆவியாகிப் போன எண்ணெயும் இந்தக் கணக்கில் ‘உள்ளே’ போய்ச் சேர்ந்துவிடும். எவ்வளவு பறந்ததோ அவ்வளவு திறமை கூடியதாகத் தெரியும் வேடிக்கை இது. துகளை எத்தனாலில் உடைத்து உள்ளிருப்பதை நேரடியாக அளந்தால்தான் எண் உண்மை. உறைநிலை உலர்த்தலுக்குப் பிறகு மீண்டும் அளக்க வேண்டும். வெற்றிடம் பனியோடு எண்ணெயையும் இழுத்துச் செல்லும்.

துகளிலிருந்து எண்ணெய் வெளியேறும் வேகத்தைச் சோதிக்கும், நுண்துளைச் சவ்வாலான டயாலிசிஸ் பையிலும் இதே கதை. திறந்த பீக்கரில் வைத்தால் வெளியேறியது பறந்துவிடும், துகள் மெதுவாக விடுவதாகத் தோன்றும். மூடிய குப்பி வேண்டும். எண்ணெய் கரைய வழியாக வெளிக்கரைசலில் சிறிது ட்வீன் வேண்டும்.

செல் சோதனை எப்படி நடக்கிறது? எங்கே தவறுகிறது?

96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல்கள். ஒருநாள் ஒட்டவிட்டு, மருந்திட்டு, 24, 48 அல்லது 72 மணி நேரம் 37 டிகிரி செல்சியஸில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வைப்பார்கள். பிறகு மி.லி.க்கு 0.5 மி.கி. ஆகும்படி எம்டிடி என்ற மஞ்சள் சாயமிட்டு 3 அல்லது 4 மணி நேரம். உயிருள்ள செல் மஞ்சளை ஊதாவாக்கும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் படிப்பார்கள்.

முதல் தவறு ஆவி. அதிகச் செறிவுள்ள குழியிலிருந்து எண்ணெய் ஆவி பக்கத்துக் குழிக்குத் தாவி, மருந்தே இடாத செல்களையும் தாக்கும். ஒப்பீட்டுக் குழிகளைத் தனித் தட்டில் வைப்பதே பாதுகாப்பு. இரண்டாவது, எம்டிடியைச் செல் இல்லாமலே தாவரப் பொருள் ஊதாவாக்குவது. அப்போது செத்த செல் உயிரோடிருப்பதாகக் காட்டும். செல் இல்லாத குழியில் மருந்தும் சாயமும் மட்டும் இட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

மூன்றாவதுதான் பெரியது: சர்பாக்டன்ட். மேலே சொன்ன பால்மத்தில் 5 கிராம் எண்ணெய்க்கு 7.5 கிராம் ட்வீன். செல்லுக்கு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் எண்ணெய் போகிறது என்றால் 150 மைக்ரோகிராம் ட்வீனும் கூடவே போகிறது. எண்ணெய் இல்லாத வெறும் துகளை அதே அளவில் சோதிக்காமல், கொன்றது எண்ணெய்தான் என்று சொல்ல முடியாது. ‘நானோவாக்கியதும் வீரியம் ஐந்து மடங்கு கூடியது’ என்ற முடிவுகள் பலவற்றில் நாம் முதலில் தேடுவது இந்த வெற்றுத்துகள் வரிசையைத்தான்.

எந்தச் செல்களில் சோதிக்க வேண்டும்?

ஹார்மோன் ஏற்பி உள்ள எம்சிஎஃப்-7, ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத, ஹெர்2 புரதமும் மிகாத மும்மை எதிர்மறை வகையான எம்டிஏ-எம்பி-231, ஹெர்2 மிகுந்த எஸ்கே-பிஆர்-3 ஆகியவை வழக்கமானவை. கூடவே புற்றல்லாத எம்சிஎஃப்-10ஏ கட்டாயம். எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் புற்று என்று நீண்ட காலம் பயன்படுத்தினார்கள். அது மெலனோமா செல் என்று பிறகு மரபணு ஒப்பீட்டில் தெரிந்தது. பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது கவனம்.

ஐசி50 எண்ணை எப்படிப் படிப்பது?

பாதிச் செல்களை வீழ்த்தும் செறிவு அது. சிறிதாக இருந்தால் வீரியம் அதிகம். லிமோனீனின் மூலக்கூறு எடை 136. ஐசி50 மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் என்றால் அது சுமார் 735 மைக்ரோமோலார் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்துச் செறிவைச் சொல்லும் அலகு). டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துக்கு இந்த எண் பல செல்களில் 1 மைக்ரோமோலாரை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வரும். நூற்றுக்கணக்கான மடங்கு இடைவெளி. ‘கீமோவுக்கு நிகர்’ என்ற சொல்லைக் கண்டால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நல்ல செல்லின் ஐசி50ஐப் புற்றுச்செல்லின் ஐசி50ஆல் வகுத்தால் தேர்வுக் குறியீடு. 1க்கு அருகே இருந்தால் அது மருந்தல்ல, பொதுநஞ்சு.

செல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் சரிகிறது, ஆக்சிஜன் தனியுறுப்புகள் பெருகுகின்றன, செல் சுழற்சி தடைபடுகிறது, கடைசியில் செல் திட்டமிட்டு மடிகிறது. இதை அப்போப்டோசிஸ் என்பார்கள். செறிவு கூடினால் இந்த நாசூக்கெல்லாம் இல்லை. கொழுப்பில் கரையும் மூலக்கூறு சவ்வையே கிழித்துவிடும்.

ஒரு சின்னச் சோதனைக்கேள்வி: எம்சிஎஃப்-7 செல்லில், அப்போப்டோசிஸை நடத்தும் நொதியான கேஸ்பேஸ்-3 தூண்டப்பட்டதாக ஆய்வு சொல்கிறதா? அந்தச் செல்லில் கேஸ்பேஸ்-3 மரபணு சிதைந்திருப்பதால் புரதமே இல்லை. அப்படியானால் செல் மாறியிருக்கிறது, இல்லை சோதனைக் கருவிப்பெட்டி வேறெதையோ அளந்திருக்கிறது.

துகள் தானாகவே கட்டியைத் தேடிப் போகும் என்கிறார்களே?

கட்டியின் இரத்தக் குழாய்கள் ஓட்டை மிகுந்தவை, நிணநீர் வடிகால் மோசம், அதனால் துகள் அங்கே கசிந்து தங்கும் என்ற கருத்தை 1986இல் மட்சுமுராவும் மயேடாவும் முன்வைத்தார்கள். தங்குவது உண்மை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கணக்கில், செலுத்திய நானோ துகளில் கட்டியை அடைந்தது இடைநிலை அளவாக 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும்.

அதுவும் விலங்குகளில். 25 கிராம் எலியில் அரை கிராம் கட்டி என்றால் உடல் எடையில் 2 சதவீதம். 60 கிலோ மனிதருக்கு அது 1.2 கிலோ கட்டிக்குச் சமம். நோயாளியின் கட்டி அதைவிட மிகச் சிறியது. போய்ச் சேரும் பங்கும் அதற்கேற்பச் சுருங்கும். போதாக்குறைக்கு, எண்ணெய் மூலக்கூறு வண்டியிலிருந்து வழியிலேயே இறங்கி இரத்தக் கொழுப்புப் புரதங்களில் ஏறிக்கொள்ளும் வழக்கம் கொண்டது.

மனிதர்களிடம் எதுவுமே சோதிக்கப்படவில்லையா?

நானோ துகளாக்காத லிமோனீனைச் சோதித்திருக்கிறார்கள். 1998இல் வெளியான முதல்கட்டச் சோதனையில், முற்றிய மார்பகப் புற்றுள்ள ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு நாளொன்றுக்கு 8 கிராம் அளவில் கட்டி ஓரளவு சுருங்கி 11 மாதம் நிலைத்தது. நம்பிக்கையோடு மேலும் 10 மார்பகப் புற்று நோயாளிகளுக்கு அதே அளவு கொடுத்தபோது ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. லிமோனீனின் உறவான பெரில்லைல் ஆல்கஹாலும் பரவிய மார்பகப் புற்றில் இரண்டாம்கட்டச் சோதனையில் கட்டியைச் சுருக்கவில்லை.

2013இல் வெளியான இன்னொரு சோதனை கூர்ந்து பார்க்க வேண்டியது. தொடக்கநிலை மார்பகப் புற்றுள்ள 43 பெண்கள் அறுவைக்கு முன் 2 முதல் 6 வாரம் தினமும் 2 கிராம் லிமோனீன் எடுத்தார்கள். மார்பகத் திசுவில் கிராமுக்குச் சராசரி 41 மைக்ரோகிராம் சேர்ந்திருந்தது. இரத்தத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு. செல் சுழற்சியை முன்தள்ளும் சைக்ளின் டி1 புரதம் 22 சதவீதம் குறைந்தது. செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67இல் பெரிய மாற்றம் இல்லை. கொழுப்பு மிகுந்த மார்பகத் திசுவுக்குக் கொழுப்பில் கரையும் மூலக்கூறு வண்டி இல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்தும் பெருக்கம் நிற்கவில்லை. எங்கள் பார்வையில் லிமோனீனுக்கு வண்டி குறையல்ல, சரக்கின் வீரியம்தான் குறை. தைமோகுயினோன் போன்ற வீரியம் கூடிய மூலக்கூறுகளுக்கு நானோ வண்டி கட்டுவது அதைவிடப் பொருளுள்ள வேலை.

தாவர மருந்தை நானோவாக்கி வென்ற உதாரணம் உண்டா?

உண்டு. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்செல். நீரில் கரையாததால் கிரெமோஃபோர் என்ற கரைப்பானில் கொடுத்தார்கள். கடும் ஒவ்வாமைக்கு அது ஒரு காரணமாக இருந்தது. பாக்லிடாக்செலை ஆல்புமின் புரதத்தோடு பிணைத்து 130 நானோமீட்டர் துகளாக்கிய அப்ராக்சேன், 2005இல் பரவிய மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கே சரக்கு ஏற்கெனவே வலுவானது, வண்டி அதன் தொல்லையை நீக்கியது.

கீமோவோடு சேர்த்துப் பயன்படுத்தினால்?

நறுமண எண்ணெய்க்கு ஓர் இடம் கிடைக்குமானால் இதுவாக இருக்கலாம். கீமோ மருந்தும் தாவர மூலக்கூறும் ஒரே துகளில் ஏற்றிய செல் ஆய்வுகள் பல உள்ளன. இரு மருந்துகளின் கூட்டு விளைவை அளக்கும் சௌ-தாலலே குறியீடு 1க்குக் கீழே இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று வலுவூட்டுகின்றன என்று பொருள். தட்டில் கிடைத்த இந்த எண்ணை வைத்து வீட்டில் கலந்து சாப்பிடக் கூடாது. கல்லீரல் நொதிகள் இடையில் நிற்கின்றன: ஹார்மோன் மாத்திரையான டமாக்சிஃபென் வேலை செய்யும் வடிவமாக மாற சிஒய்பி2டி6 நொதி வேண்டும், அதைத் தடுக்கும் எதுவும் மாத்திரையின் பலனைக் குறைக்கலாம்.

கடையில் கிடைக்கும் எண்ணெயைக் குடிக்கலாமா, மார்பில் தடவலாமா?

குடிக்கக் கூடாது. கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய்கள் வலிப்பு உண்டாக்கும். யூஜினால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஒரு தேக்கரண்டி விண்டர்கிரீன் எண்ணெயில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சாலிசிலேட் உள்ளது. தடவினால் கட்டிக்குப் போகாது, தோல் புண்ணாகும். கதிர்வீச்சு பெறும் தோலில் மருத்துவர் சொல்லாத எதையும் பூச வேண்டாம். ஹார்மோன் ஏற்பி உள்ள புற்று என்றால், மெல்லிய ஈஸ்ட்ரோஜென் குணம் கொண்ட அனெத்தோல் நிறைந்த சோம்பு எண்ணெய் போன்றவற்றைத் தள்ளி வைப்பது நல்லது.

குமட்டலுக்கு முகர்ந்து பார்ப்பது?

சிலருக்கு இதமாக இருக்கிறது. பஞ்சில் ஒரு சொட்டு விட்டு முகர்வதில் பெரிய கேடில்லை. கீமோ நாட்களில் வாசனையே குமட்டலைக் கிளப்புபவர்களும் உண்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மருத்துவர் தந்த குமட்டல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

‘நானோ மூலிகைத் துளி’ என்று விற்பவரிடம் என்ன கேட்பது?

துகளின் அளவும் பரவல் குறியீடும் எந்தத் திரவத்தில், தயாரித்து எத்தனை நாள் கழித்து அளந்தது? ஒரு மி.லி.யில் செயற்பொருள் எத்தனை மி.கி., நேரடியாக அளந்ததா? எந்தச் சர்பாக்டன்ட், எவ்வளவு? நுண்ணுயிர், எண்டோடாக்ஸின் (பாக்டீரியா நஞ்சு) சோதனை உண்டா? மனிதச் சோதனையின் பதிவு எண் என்ன? கடைசிக் கேள்விக்குப் பதிலாக எலி ஆய்வையோ யாரோ ஒருவர் குணமான கதையையோ காட்டினால், பேச்சை அங்கேயே முடித்துவிட்டு, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் புட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏற்கெனவே சில நாள் எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த கீமோவுக்கு முன் கல்லீரல் சோதனை வேண்டுமா என்று அவர் முடிவெடுக்க அது தேவைப்படும்.